சி.பி.யூ.வுக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டில் சி.பி.யூ. என்றால் மேஜைக்கு அடியில் நின்ற பெட்டி முழுவதும்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சதுரம்தான் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது, அந்தப் பெயர் அதற்குத்தான் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. 2003இல் தஞ்சாவூரில் எங்கள் தெருவில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சி.பி.யூ. என்று நான்கு உருப்படிகளாகத்தான் கம்ப்யூட்டரை எண்ணினோம். சென்னை ரிச்சி தெருவில் மாமாவின் நண்பர் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி, பூட்டி, ஓட்டிப் பார்த்து, பழைய செய்தித்தாளைத் திணித்து பார்சலில் போட்டுவிட்டார். செலரான் 1.7 கிகாஹெர்ட்ஸ், 128 எம்.பி. ரேம், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அப்பாவுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

அம்மா அதற்கு உறை தைத்தாள். இளம்பச்சையில் சின்னச் சின்னப் பூப்போட்ட பழைய வாயில் புடவை. மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யூ.வுக்கு ஒன்று, கீபோர்டுக்குத் தலையணை உறை மாதிரி நீளமாக ஒன்று. ஓரத்தில் எலாஸ்டிக். சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு அந்த உறையை எடுத்து நான்காக மடித்து வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். போட்டதும் யு.பி.எஸ். ஒரு முறை கத்தும், உள்ளே ஃபேன் உஸ்ஸென்று கிளம்பும், ஹார்டு டிஸ்க் யாரோ கடலைத் தோலை நொறுக்குவது போலக் கரகரக்கும், முகப்பில் சிவப்பு விளக்கு துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். விட்டுவிட்டுத் துடித்தால் சரியாக இருக்கிறது. விடாமல் எரிந்தால் ரேம் போதாமல் டிஸ்க்கைத் துணைக்கு இழுத்திருக்கிறது. துடிப்பே இல்லாமல் ஃபேன் மட்டும் இரைந்தால் பிராசஸர் எதிலோ மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது.

டிஃப்ராக் போடும் நாள் இன்னும் விசேஷம். திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். சிவப்பு சிதறிக் கிடக்கும் கோப்பு, நீலம் ஒழுங்காக அடுக்கியது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீலமாவதை, கோலம் போடுவதை வேடிக்கை பார்ப்பது மாதிரி நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். இப்போதைய எஸ்.எஸ்.டி.களுக்கு அந்த வேலையே தேவையில்லை. நல்லதுதான். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும்.

அந்த வருஷம் கோடையில்தான் முதல் காய்ச்சல். மவுஸை இழுத்தால் அம்பு அரை விநாடி கழித்து ஓடி வந்தது; மணற்கடிகாரம் வந்தால் போவதில்லை. அப்பா தபால் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூட கழற்றாமல் கீழே குனிந்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயதில் நெற்றியில் வைத்துப் பார்ப்பாரே, அதே புறங்கை. "காய்ச்சல் அடிக்குதுடா" என்றார். டேபிள் ஃபேனை இழுத்து வந்து, பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே காற்று போகும்படித் திருப்பி வைத்தார். அவர் செய்ததில் பாதி சரி என்று பிறகு தெரிந்தது. சூட்டுக்கு அது மருந்து. ஆனால் அன்றைக்கு நோய் சூடு இல்லை.

நான் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சைக் கோடு, ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் ஓடுமே அந்த மாதிரி. 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் வந்த சாதனம் அது. முதலில் எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற பொறியாளர். அந்தப் பெயரெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பட்டியலைச் சி.பி.யூ. வரிசையில் அடுக்கினேன். உச்சியில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்று ஒன்று 90க்கு மேல் காட்டிக்கொண்டு நின்றது. திருடன் கிடைத்துவிட்டான் என்றே நம்பினேன். நிறுத்தப் பார்த்தேன், முடியாது என்றது. மறுபடி மறுபடி நிறுத்தப் பார்த்தேன். 'தமிழ் கம்ப்யூட்டர்' பழைய இதழ்களை அடுக்கிலிருந்து எடுத்துப் புரட்டினேன், 'கம்ப்யூட்டர் மலர்' கேள்வி பதில் பக்கங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்த நோட்டைத் தேடினேன். அன்று இரவு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு வரியைப் பகைவனாக நினைத்துத் தூங்காமல் புரண்டதை இப்போது நினைத்தால், அவன் தோளில் கை போட்டு உட்கார வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் கடை அண்ணன் டி.வி.எஸ். 50இல் வந்தார். கீழவீதிப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். அவர் பையில் இருந்தவை இன்றும் கண்ணில் நிற்கின்றன: ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் ஒன்று, பவுச்சில் சி.டி.கள். ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை ரப்பரால் அழித்துத் துடைத்து மாட்டுவார்; பாதிக் கம்ப்யூட்டர்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு "ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி" என்பார். எங்கள் வீட்டில் அன்று அவர் அதைச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "இது திருடன் இல்ல தம்பி. பிராசஸர் சும்மா இருக்கிற நேரத்தை இதுல கணக்கு வைக்கிறாங்க. தொண்ணூறுன்னா தொண்ணூறு பங்கு சும்மா இருக்குன்னு அர்த்தம்."

சும்மா இருப்பதற்கும் ஒரு பெயர் கொடுத்து, பட்டியலில் இடம் கொடுத்து, அதற்கும் சதவீதம் போட்டிருக்கிறார்கள்! வேலை இல்லாத நொடியில் பிராசஸருக்கு 'நில்' என்று கட்டளை போகிறது, அது நின்று, மின்சாரத்தைக் குறைத்து, ஆறுகிறது. அடுத்த வேலை வந்து தட்டினால் எழுகிறது. சும்மா இருத்தல் எவ்வளவு பெரிய காரியம் என்று நம் சித்தர்கள் பேசியதை அப்பா அன்றைக்கே அண்ணனிடம் எடுத்துச் சொன்னார். அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

சரி, பிராசஸர் அவ்வளவு சும்மா இருக்கிறது என்றால் வி.சி.டி.யில் ஓடும் படம் ஏன் நிற்கிறது?

அக்காவின் கல்யாண வி.சி.டி. அது. மூன்று தட்டுகள். வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்துப் பார்த்து இரண்டாவது தட்டில் கீறல் விழுந்துவிட்டது. ஊஞ்சல் காட்சியில் ஊஞ்சல் மேலே போய் அப்படியே நின்றுவிடும், அக்காவும் அத்தானும் அந்தரத்தில் இருப்பார்கள், பாட்டுப் பாடும் அத்தையின் வாய் திறந்தபடி இருக்கும். அந்தத் தட்டைப் போட்ட நாளிலிருந்துதான் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. கீறலே இல்லாத வேறு சி.டி.யைப் போட்டாலும் அதே திணறல். அண்ணன் இதைக் கேட்டதும் சட்டென்று டிவைஸ் மேனேஜருக்குள் போனார். ஐ.டி.இ. சேனல், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ். அங்கே 'டி.எம்.ஏ.' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பி.ஐ.ஓ.' என்று இருந்தது.

அவர் விளக்கியதை நான் மறக்கவே இல்லை. டி.எம்.ஏ. என்றால் சி.டி. டிரைவிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ வரும் சரக்கு நேராக நினைவகத்துக்குப் போய் இறங்கும். பிராசஸர் உத்தரவு மட்டும் போட்டால் போதும். பி.ஐ.ஓ. என்றால் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிராசஸரே தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். "கல்யாண வீட்ல பொண்ணோட அப்பாவே பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடினா எப்படி இருக்கும்? அவரை வேற எதுக்குக் கூப்பிட முடியும்?" என்றார். அக்கா கல்யாணத்தில் அப்பா ஏறக்குறைய அதைத்தான் செய்தார் என்பதால் எல்லாருக்கும் உடனே புரிந்தது. கீறலால் படிக்கும்போது பிழை மேல் பிழை வர, அப்படி ஆறு பிழைகள் சேர்ந்தால் விண்டோஸ் எக்ஸ்.பி. ஜாக்கிரதையாக ஒரு படி இறங்கிப் போகும். இறங்கி இறங்கிக் கடைசியில் பி.ஐ.ஓ.வில் வந்து உட்காரும். தட்டை வெளியே எடுத்த பிறகும் தானாக மேலே ஏறாது. அண்ணன் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். எக்ஸ்.பி. அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டி.எம்.ஏ.வில் வைத்தது. அவ்வளவுதான். ஊஞ்சல் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அதற்கு அவரிடம் மருந்து இல்லை. முதல் தட்டைப் போட்டு மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் எங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குப் பட்டியலில் எந்த நிரலும் குற்றவாளியாகத் தெரியாததற்குக் காரணம் எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. மார்க் ருஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் வரிசையில் 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற கருவி. அவர்கள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிய 2006இல்தான் நான் அதை பிரவுசிங் சென்டரில் இறக்கி பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதில் 'இன்டரப்ட்ஸ்' என்று தனியாக ஒரு வரி இருந்தது. வன்பொருள் வந்து பிராசஸரைத் தட்டித் தட்டி எழுப்பும் நேரத்தின் கணக்கு. பழைய டாஸ்க் மேனேஜர் அதையும் சேர்த்து 'சும்மா இருக்கும்' கணக்கில் எழுதிவிடும். பரணிலிருந்து அந்த இரண்டாவது தட்டை எடுத்து வந்து, நானாகவே போட்டுப் பார்த்தேன். ஊஞ்சல் மேலே போய் நின்றது. 'இன்டரப்ட்ஸ்' வரி மெல்ல ஏறியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாளி தூக்கும் ஆளை நேரில் பார்த்துவிட்ட மாதிரி ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துப் பிராசஸருக்கு ஒரே மூளை. ஒரு நிரல் மாட்டிக்கொண்டு சுற்றினால் நூறு சதவீதம் என்று காட்டும், வீடே ஸ்தம்பித்துவிடும், சமையலறையிலிருந்து அம்மாகூட "என்னடா ஆச்சு?" என்பாள். இப்போது என் மகளின் லேப்டாப்பில் நான்கு கோர், விண்டோஸ் அவற்றை எட்டாக எண்ணுகிறது. ஒரு நிரல் பைத்தியம் பிடித்த மாதிரிச் சுற்றினாலும் அதன் பங்கு எட்டில் ஒன்றுதான்: பன்னிரண்டரை சதவீதம். பட்டியலில் 12 என்று பார்த்தால் யாருக்கு சந்தேகம் வரும்? மற்ற ஏழும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், திரை தடுமாறாது, படம் நிற்காது. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும், அடிப்பக்கம் சுடும், ஃபேன் ஓயாது. வேகம் வந்ததில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். ஆனால் மெஷின் கஷ்டப்படுவது முன்பெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இப்போது மடியில் வைத்திருப்பவளின் தொடைக்கு மட்டும் தெரிகிறது.

போன மாதம் அவள்தான் சொன்னாள். "அப்பா, சும்மா டைப் பண்ணாலே சூடாகுதுப்பா. விமானம் மாதிரி சத்தம் வேற."

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். பச்சைக் கோடு இல்லை, விண்டோஸ் 8இலிருந்து நீலம். பட்டியலில் அதிகம் தின்பவருக்கு மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வரை வண்ணம் ஏறுகிறது. மொத்தம் 100. உச்சியில் பிரவுசர். பிரவுசருக்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்று ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துக் காட்டும். எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு பக்கம், ஓரத்தில் ஓயாமல் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது. மூடினேன். எழுபதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஸ்டார்ட் ஆகும்போதே கிளம்பும் நிரல்களை நிறுத்தினேன், வைரஸ் தேடினேன், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். எழுபது, அறுபத்தைந்து, எழுபது.

ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். அனுமதி கேட்டு, எங்கேயோ இருந்துகொண்டு எங்கள் திரைக்குள் வந்தான் ஒரு பையன். அம்பு தானாக நகர்ந்ததை அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவன் தற்காலிகக் கோப்புகளை அழித்தான், அப்டேட் போட்டான், இது 2018 மாடல் சார், புதுசுதான் ஒரே வழி என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து புறங்கையை வைத்துப் பார்க்க அவனால் முடியாதே.

போனை வைத்த பிறகுதான் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தின் கீழ்ப்பகுதியை ஒழுங்காகப் படித்தேன். அடிப்படை வேகம் 1.80 கிகாஹெர்ட்ஸ். இப்போதைய வேகம் 0.78. அந்த இரண்டு எண்களிலேயே எல்லாம் இருந்தது. வேலை கூடவே இல்லை. சூடு தாங்காமல் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அதே வேலை அதற்கு இப்போது இரண்டு பங்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் எந்நேரமும் வேலையாக இருப்பது போல் சதவீதம் ஏறி நிற்கிறது. அப்பா கடைசி வருஷங்களில் காலையில் கிளம்பிக் காய்கறி வாங்கிவர மத்தியானமாகும். நிறைய வேலை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதே கடை, அதே கால் கிலோ கத்தரிக்காய்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்தேன். ஸ்குரூக்கள் ஒரே நீளம் இல்லை. எது எந்த இடத்துக்கு என்று மகள் ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டே வந்தாள். காலாவதியான ஏ.டி.எம். கார்டை ஓரத்தில் விட்டு நெம்ப, மூடி டக் டக்கென்று விட்டுக்கொடுத்தது. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தோம். பிறகு ஃபேன். அதற்கும், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, அளந்து வெட்டி வைத்தது போல ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு. ஆறு வருஷத்துத் தூசி, மயிர், மெத்தைப் பஞ்சு. விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்தது. மகள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பளிக்குள் ஒரு சிவப்பு நூல். "இது என்னோட அஞ்சாம் கிளாஸ் ஸ்வெட்டர்ப்பா" என்றாள்.

தூசி தட்ட அப்பாவின் பிரஷைத்தான் எடுத்தேன். பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய ஒரு அங்குல பிரஷ். கடை அண்ணனிடம் பார்த்துவிட்டு அப்பா அதைக் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கிவிட்டார். பிடியில் ஓர் ஓரத்தில் நீலப் பெயின்ட் இன்னும் இருக்கிறது. ஃபேன் சுழலாதபடி ஓர் இதழை விரலால் பிடித்துக்கொண்டு மற்ற இதழ்களைத் தட்டினேன். சூட்டை உறிஞ்சும் செப்புக் குழாயைக் கழற்றியபோது, பிராசஸரின் மேல் தெர்மல் பேஸ்ட் நேற்று வைத்த சந்தனம் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்குரூக்களையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஓர் ஓரமாக முறுக்கினால் பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

ஆன் செய்ததும் வழக்கமான இரைச்சலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் 4, 6, 3. வேகம் 2.9க்குப் போய் மறுபடி இறங்கியது. சிஸ்டம் ஐடில் பிராசஸ் இப்போதும் இருக்கிறது, 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போனால் பார்க்கலாம், மகளுக்குக் காட்டினேன். 95. அவள் கேட்பதற்கு முன்பே அது திருடன் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சி.பி.யூ. சரியாயிடுச்சாடா?"

"ஆயிடுச்சும்மா. எல்லாம் தூசிதான்."

செய்தித்தாளில் கிடந்த சாம்பல் கம்பளியைக் குனிந்து பார்த்தாள்.

"பின்ன, திறந்தே போட்டா? அந்தப் பூப்போட்ட புடவை இன்னும் பாதி இருக்கு. இதுக்கு அளவு எடுத்துக் குடு."

மகள் ஸ்கேல் எடுக்கப் போனாள்.